ஒரு மாலைக்குள் ஒரு குல்லா

நம்முடைய வீடுகளில் பழைய டிரங்குப் பெட்டியொன்றைக் கிளறிப் பார்க்கும் சந்தர்ப்பம் வாய்க்கும்போதெல்லாம், கல்யாணப் பட்டுக்கும் ஜாதகக் கட்டுக்கும் அடியில், அந்துருண்டை வாசனையோடு, ஆறடி நீளமும் நாலு விரற்கடை அகலமுமாக ஒரு குரோஷாப் பின்னல், ஊசி இன்னும் கடைசிக் கண்ணியில் மாட்டியபடியே கிடப்பதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். அது என்னவென்று விசாரித்தால், வீட்டின் மூத்த ஸ்திரீ சற்றே லஜ்ஜையோடு அதை வாங்கி மடித்துக்கொண்டு, "கட்டில் விரிப்புப் போடலாம்னு ஆரம்பிச்சேன், அப்பறம் கை ஒழியல" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் அதைப் பெட்டியின் அடியிலேயே வைத்துவிடுவார். கை ஒழியாதது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த விரிப்பு முடியாமற்போனதற்குச் சோம்பலும் காரணமன்று, சாமர்த்தியக் குறைவும் காரணமன்று என்பது என் அபிப்பிராயம். கற்றுக்கொள்ள ஆரம்பிக்கிற கை, தன்னால் தூக்க முடியாத பாரத்தை முதல் நாளிலேயே தூக்கப் பார்த்தது என்பதுதான் காரணம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாக விளங்கும். நடுத்தரமான பருத்தி நூலும் மூன்றரை மில்லிமீட்டர் ஊசியும் வைத்துக்கொண்டு நெருக்கமாகப் பின்னுகிறவர்களுக்கு, ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு கண்ணி என்ற அளவு வரும். உயரவாட்டிலும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். அந்தக் கணக்கில் ஆறடிக்கு ஏழடியான ஒரு கட்டில் விரிப்புக்குச் சுமார் 1,60,000 கண்ணிகள் வேண்டும். பிறந்த குழந்தையின் தலைக்கு ஒரு குல்லா போட 1,400 கண்ணிகள் போதும். முன்னதைப் போட்டு முடிப்பதற்குள் போடுகிறவரின் வாழ்க்கையில் எத்தனையோ பருவங்கள் மாறிவிடும். பின்னதோ, பிற்பகல் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்தால் விளக்கேற்றி வெகு நேரம் ஆவதற்குள் முடிந்துவிடுகிற காரியம். குரோஷா கற்க விரும்புகிற எவரிடமும் நான் சொல்வது இது ஒன்றைத்தான்: குழந்தைகளுக்காகப் போடுங்கள், சிறியதாகப் போடுங்கள், ஆரம்பித்த அன்றே முடிந்துவிடுகிறதைப் போடுங்கள்.

பெரிய காரியமே ஆகாது என்று இதற்கு அர்த்தமில்லை. 2016-ஆம் வருஷம் ஜனவரி 31-ஆம் தேதி, சென்னையில், 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற பெண்கள் குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு குரோஷாப் போர்வையை விரித்துக் காட்டி, உலகத்திலேயே பெரியது என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றார்கள். கேட்டவர்கள் பிரமித்தார்கள், எனக்கோ அதில் பிரமிப்பைக் காட்டிலும் மேலான ஒரு திருப்தி இருந்தது. ஏனென்றால் அந்தப் பிரம்மாண்டமான போர்வையும், எங்கெங்கோ இருந்த எத்தனையோ கைகள் தத்தம் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் உட்கார்ந்து தனித்தனியே பின்னி முடித்த துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்ததுதான்.

எனக்கு இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தவள் என் அத்தை. பாளையங்கோட்டையில், தையல் வகுப்பென்று வாரத்தில் ஒரு நாள் தனியே ஒதுக்கியிருந்த பள்ளிக்கூடம் ஒன்றில் படித்தவள். அந்த வகுப்பில் போட்ட மாதிரித் துண்டுகளையெல்லாம் ஒட்டி வைத்த பழுப்பு அட்டை நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கடைசி வரையில் பத்திரமாக வைத்திருந்தவள். பத்து வயதில் நான் அவளிடம் போய், எதிர்வீட்டு ரேடியோவின் மேல் விரித்திருப்பதைப் போல நட்சத்திர வேலைப்பாடுள்ள விரிப்பொன்று போடக் கற்றுக்கொடு என்று கேட்டபோது, அவள் சிரிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. "ஏட்டி, முதல்ல ஒரு சங்கிலி போடு. அத யார் கையிலயாவது கட்டி விடு. பொறவு நட்சத்திரத்தப் பாப்போம்" என்றாள். அந்தச் சங்கிலியை நான் போட்டு, தொட்டிலில் கிடந்த என் தம்பியின் மணிக்கட்டில் கட்ட, அவன் அதை உடனே வாயில் வைத்து ஈரமாக்கிவிட்டான். நான் செய்த ஒரு வஸ்து, செய்த அந்தக் கணத்திலேயே இன்னொரு உயிருக்கு உபயோகப்பட்டுவிட்டதே என்று அன்று எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

சங்கிலிப் பின்னல் என்பது நம்மவர் விரல்களுக்கு முழுக்கப் புதிய விஷயமன்று. இரண்டு மல்லிகை மொட்டை இப்பக்கமும் இரண்டை அப்பக்கமுமாகச் சேர்த்து, நூலை விரலில் ஒரு வளையம் ஆக்கி, காம்பின் மேல் போட்டு இறுக்குகிற அந்தப் பூக்கட்டும் லாகவம் யாருக்கு வசப்பட்டிருக்கிறதோ, அவருக்குச் சங்கிலி ஐந்து நிமிஷத்தில் வந்துவிடும். ஒயர்க்கூடை போட்டுப் பழகிய கைக்கும் அப்படித்தான். வித்தியாசம் இவ்வளவே: பூக்கட்டுவதில் ஒவ்வொரு வளையமும் இறுகி முடிச்சாகிவிடுகிறது, குரோஷாவிலோ வளையம் இறுகாமல், அடுத்த வளையத்துக்கு வாசலாகத் திறந்தே நிற்கிறது. நூலில் ஒரு சுருக்குக் கண்ணி போட்டு, ஊசியில் மாட்டி, இடது கைச் சுட்டுவிரலின் மேல் செல்லும் நூலை ஊசியின் கொக்கியால் பற்றி, ஏற்கெனவே உள்ள கண்ணியின் வழியே வெளியே இழுத்தால் ஒரு சங்கிலி. அதையே திரும்பச் செய்தால் இரண்டு. பேனா பிடிப்பதைப் போல ஊசியைப் பிடிப்பவர்களும் உண்டு, காய் நறுக்கும் கத்தியைப் பிடிப்பதைப் போலப் பிடிப்பவர்களும் உண்டு. எது கைக்குச் சௌகரியமோ அதுவே சரி. ஆரம்பத்தில் எல்லோரும் செய்கிற பிழை, நூலை மூச்சுத் திணற இறுக்கிவிடுவது. கண்ணி, ஊசியின் தண்டின் மேல் தாராளமாக வழுக்கி ஓட வேண்டும்.

இந்தச் சங்கிலி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் முழுவதும் வீட்டுக் குழந்தைகளைக் குதூகலப்படுத்தலாம். மூன்று வர்ண நூலைச் சேர்த்துப் போட்டால் மணிக்கட்டுக் காப்பு. பள்ளிக்கூடம் போகிற பெண்ணின் இரட்டைப் பின்னலுக்கு ரிப்பன். பாடப் புத்தகத்தில் வைக்க அடையாள நாடா. ஊசியே இல்லாமல், கட்டைவிரலையும் சுட்டுவிரலையுமே கொக்கியாக வைத்து, தடித்த நூலில் சங்கிலி போட ஆறு வயதுக் குழந்தைக்குக் கூடக் கற்றுக்கொடுத்துவிடலாம். அப்படிக் கற்றுக்கொண்ட குழந்தை இரண்டாம் நாள் ஓர் அதிசயத்தைத் தானாகவே கண்டுபிடிக்கும். கடைசிக் கண்ணியைக் கட்டாமல் விட்டு, நூலின் நுனியைப் பிடித்து இழுத்தால், அத்தனை நேரம் பாடுபட்டுப் போட்டது எல்லாம் சரசரவென்று அவிழ்ந்து மறுபடியும் வெறும் நூலாகிவிடும். பெரியவர்கள் பதறுவார்கள், குழந்தைகளோ அதைப் போடுவதைவிட அவிழ்ப்பதிலேயே அதிக ஆனந்தம் காண்கின்றன. அவிழ்க்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். அடுப்பில் கருகியதைத் திரும்பப் பச்சையாக்க முடியாது, துணியில் கத்தரி தப்பினால் ஒட்டவைக்க முடியாது. குரோஷாவிலோ ஒரு நூல்கூட நஷ்டமில்லாமல் பிழையை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். புதிதாகக் கற்கிறவருக்கு இதைவிடத் தயவான கலை இன்னொன்று உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

சங்கிலிக்கு அடுத்தது வட்டம். குரோஷாவின் ரகசியம் முழுவதும் இந்த வட்டத்தில்தான் அடங்கியிருக்கிறது என்று நான் எண்ணுவதால், இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஊசியை ஒரு கண்ணிக்குள் விட்டு நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு கண்ணிகள் நிற்கும்; மறுபடியும் நூலைக் கொக்கியில் மாட்டி அந்த இரண்டின் வழியாகவும் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டால், அதற்குச் சிங்கிள் குரோஷா என்று பெயர். இரண்டு சங்கிலி போட்டு, முதலில் போட்ட சங்கிலிக்குள்ளேயே ஆறு சிங்கிள் போட்டால் ஒரு சிறு பொட்டைப் போல வட்டம் கூடும். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டாகப் போட, ஆறு பன்னிரண்டாகும். அதற்கடுத்த சுற்றில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு, பதினெட்டு. அப்புறம் இரண்டு விட்டு ஒன்றில் இரண்டு, இருபத்து நான்கு. சுற்றுக்கு ஆறு வீதம் கூட்டிக்கொண்டே போனால், வட்டம் தோசையைப் போலச் சமமாக விரிந்துகொண்டே போகும். ஒவ்வொரு சுற்றும் எங்கே தொடங்கியது என்பது மறந்துவிடாமலிருக்க முதல் கண்ணியில் ஓர் ஊக்கைக் கோத்து வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கென்று கடையில் விற்கும் பிளாஸ்டிக் வளையங்கள் அவசியமே இல்லை.

இப்போது கூட்டுவதை நிறுத்திவிட்டு, கண்ணிக்கு ஒன்றாகவே நேரே சுற்றிக்கொண்டு போனால் என்ன ஆகும்? விளிம்பு மெல்ல மேலெழும்பி, தோசையாக இருந்தது ஆப்பச்சட்டியாகிவிடும். மாறாக, ஆறு கூட்ட வேண்டிய இடத்தில் பன்னிரண்டும் பதினெட்டுமாகக் கூட்டினால், இடம் போதாமல் விளிம்பு அலையலையாக நெளிந்து, கோழிக்கொண்டைப் பூவைப் போலச் சுருண்டுகொள்ளும். 1997-இல், அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையில் கணிதம் போதித்துவந்த டைனா டைமினா என்ற லாட்வியப் பெண்மணி, காகிதத்தில் வரைந்து காட்டச் சிரமமான 'ஹைபர்பாலிக்' தளம் என்னும் வடிவத்தைத் தம் மாணவர்கள் கையில் தொட்டுப் பார்க்கும்படி, இதே நெளிவைக் கொண்டே குரோஷாவில் பின்னிக் காட்டினார். நம் பெண்களில் எத்தனையோ பேர், கணக்குத் தப்பிவிட்டதே என்று நொந்துகொண்டு அவிழ்த்துப் போட்டிருக்கக்கூடிய ஒரு வடிவம், கணித வகுப்பில் பாடமாகி உட்கார்ந்தது.

தோசை, ஆப்பச்சட்டி, கோழிக்கொண்டை ஆகிய இந்த மூன்று வடிவங்களும் கைக்குப் பிடிபட்டுவிட்டால், குழந்தைகளுக்கு வேண்டியதில் முக்கால் வாசியைப் போட்டுவிடலாம். நெளிவைக் கொண்டு கூந்தல் வளையம்: சாதாரணமாகக் கடையில் கிடைக்கிற ரப்பர் பேண்டின் மேலேயே சுற்றி நாற்பது சிங்கிள் போட்டு, அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் மூன்று டபுள் போட்டால், அரை மணி நேரத்தில் சுருக்கம் நிறைந்த வளையம் தயாராகிவிடும். டபுள் என்பதற்கும் பெரிய சாஸ்திரம் தேவையில்லை. ஊசியை நுழைப்பதற்கு முன்பே நூலை ஒரு முறை ஊசியில் சுற்றிக்கொண்டால், இழுத்தபின் மூன்று கண்ணிகள் நிற்கும். அவற்றை இரண்டிரண்டாக இரண்டு தவணையில் கழித்துவிட வேண்டியதுதான்.

சட்டியைக் கொண்டு பை. ஆறு சுற்றுக் கூட்டி முப்பத்தாறு கண்ணி ஆனதும் நிறுத்தி, பதினைந்து சுற்று நேரே ஏறி, வாயருகில் ஒரு சுற்று மட்டும் இடையிடையே சங்கிலி போட்டுத் துவாரம் விட்டு, அந்தத் துவாரங்களில் ஒரு நாடாவைக் கோத்துவிட்டால், அஞ்சாங்கல் போட்டு வைத்துக்கொள்ள அதைவிட அழகான பை கிடையாது. கல் உரசி நூல் நைந்தாலும் நைந்த இடத்தை மட்டும் மறுபடி பின்னிக்கொள்ளலாம். என் அக்காள் பேத்தி ஒருத்தி அதில் கல் வைக்காமல், தன் விழுந்த பல்லையும் ஒரு மயிலிறகுத் துணுக்கையும் வைத்திருக்கிறாள். பையை என்ன காரியத்துக்கு உபயோகிப்பது என்பதைத் தீர்மானிக்கிற பாத்தியதை அவளுடையது.

பந்துக்கு இந்தச் சட்டியையே மூடிவிட வேண்டும். ஆறு சுற்றுக் கூட்டி, ஆறு சுற்று நேரே போய், பிறகு இரண்டு கண்ணியை ஒன்றாக்கிச் சுற்றுக்கு ஆறாகக் குறைத்துக்கொண்டே வந்து, வாய் முழுவதும் மூடுவதற்குள் பஞ்சை அடைத்து இறுக்கினால், டென்னிஸ் பந்துக்குச் சற்றே சிறியதாய், கண்ணாடி ஜன்னலை உடைக்காததும் கைக்குழந்தையின் நெற்றியைப் புடைக்க வைக்காததுமான பந்து கிடைக்கும். ஜப்பானியர் 'அமிகுருமி' என்று பெயரிட்டு உலகமெங்கும் பரப்பியிருக்கிற பொம்மைகளெல்லாம் பெரும்பாலும் இந்தப் பந்தின் அவதாரங்களே. ஒரு பந்தின் மேல் இன்னொரு சிறு பந்து வைத்துத் தைத்தால் கரடி. காதை நீட்டினால் முயல். தும்பிக்கை வைத்தால் நம் பிள்ளையார்.

புஸ்தகங்களைப் பார்த்துப் பின்ன விரும்புகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். அமெரிக்கர் சிங்கிள் குரோஷா என்று சொல்வதையே ஆங்கிலேயர் டபுள் குரோஷா என்று சொல்கிறார்கள். அமெரிக்கரின் டபுள், ஆங்கிலேயருக்கு ட்ரெபிள். நம் பாட்டிமாரும் அத்தைமாரும் கற்றது பெரும்பாலும் ஆங்கிலேய வழக்கில். இன்றைக்குக் கைப்பேசியில் பார்த்துக் கற்கிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அமெரிக்க வழக்கு. அத்தையின் நோட்டுப் புத்தகத்திலிருந்த கைக்குழந்தைக் காலுறை ஒன்றை நான் இந்தப் பேதம் தெரியாமல் அட்சரம் பிசகாமல் பின்னி முடித்தபோது, அது பத்து வயதுப் பையனின் காலுக்குப் பொருந்துகிற அளவில் வந்து நின்றது. குறிப்பில் எங்காவது 'சிங்கிள்' என்ற வார்த்தை வந்தால் அது அமெரிக்க வழக்கு என்று பெரும்பாலும் நிச்சயிக்கலாம். ஆங்கிலேயர் தங்கள் குறிப்புகளில் அந்த வார்த்தையைப் பொதுவாக உபயோகிப்பதில்லை.

குரோஷே என்பது பிரெஞ்சு வார்த்தை. சிறு கொக்கி என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி அயர்லாந்து தேசமே பஞ்சத்தில் வாடியபோது, கன்னிமாடங்களில் இந்த வேலையைக் கற்றுக்கொண்ட ஏழைப் பெண்கள், ஒரு கொக்கி ஊசியையும் மெல்லிய நூலையும் கொண்டு லேஸ் பின்னி விற்றுத் தங்கள் குடும்பங்களைக் காத்தார்கள். நம் பக்கத்தில், 1820-களில் நாகர்கோவிலில் மிஷனரியான மால்ட்டின் மனைவி பெண் பள்ளிக்கூடத்தில் லேஸ் வேலையைத் தொடங்கி வைத்ததும், அவர்களுடைய மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்துகொண்டு இடையன்குடிக்குப் போய் அங்கேயும் அதைக் கற்பித்ததும் பலரும் அறிந்ததே. அது தலையணைமேல் குண்டூசி குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னுகிற வேறு வகை. ஆயினும் நூலைக் கொண்டு பெண்கள் நாலு காசு சம்பாதிக்கலாம் என்ற எண்ணம் தென்கோடி ஊர்களில் வேரூன்றியது அதனால்தான். குரோஷாவே ஒரு ஜீவனமாக நிலைத்த ஊர் ஆந்திரத்திலுள்ள நரசாபூர். கோதாவரிக் கரையில், வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் பின்னுகிற அந்த லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அந்தப் பெண்களைப் பற்றி 1982-இல் மரியா மீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் ஒரு நூல் எழுதினார். அவர்கள் நாள் முழுவதும் உழைத்தும் அந்த உழைப்பு 'வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கு' என்றே மதிக்கப்பட்டதையும், அந்தப் பெயரைச் சொல்லியே கூலி அற்பமாக வைக்கப்பட்டதையும் அவர் விவரமாக எழுதியிருக்கிறார். ஊசியால் இரண்டாயிரம் கண்ணி போட்டுப் பார்த்த எவருக்கும் அந்த நூலின் நியாயம் உடனே விளங்கும். துணி நெய்ய இயந்திரம் உண்டு, ஊசி இரண்டைக் கொண்டு பின்னுகிற நிட்டிங்குக்கும் இயந்திரம் உண்டு. வாணிப அளவில் உண்மையான குரோஷா போடுகிற இயந்திரம் இன்றுவரை தொழிற்சாலைகளில் இல்லை. ஆகவே கடையில் தொங்குகிற ஒவ்வொரு குரோஷாத் துண்டையும் எங்கேயோ ஒரு கை போட்டிருக்கிறது. அது நம்ப முடியாத மலிவு விலைக்குக் கிடைக்கிறதென்றால், மலிவாக்கப்பட்டது அந்தக் கைதான். சொந்தமாக ஒரு பந்தோ பையோ போட்டுப் பார்த்தவர், நரசாபூர்க்காரி கேட்கிற விலையில் பேரம் பேச மாட்டார் என்று நான் நம்புகிறேன்.

இனி நூல். கடையில் உல்லன் நூல் என்று கேட்டு வாங்குகிறோமே, அதில் பெரும்பாலானது ஆட்டு ரோமமன்று. ஆக்ரிலிக் என்ற செயற்கை நூல். ஓர் இழையைத் துண்டித்து இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினால் வித்தியாசம் வெளிப்பட்டுவிடும்: ஆக்ரிலிக் உருகிக் கரிய மணியாகக் கெட்டிப்படும், அசல் ரோமம் தலைமயிர் கருகும் நாற்றத்தோடு பொசுங்கும், பருத்தி, காகிதத்தைப் போல எரிந்து சாம்பலாகும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வசிப்பவர்களுக்கு எதுவானாலும் பாதகமில்லை. சித்திரை வெயிலில் குழந்தை வளர்க்கிற மற்ற நமக்கெல்லாம் பருத்தியே உத்தமம். வியர்வையை உறிஞ்சும், கொதிக்கிற வெந்நீரில் அலசலாம், தோலில் குத்தாது. கறுப்பு நூலை மட்டும் முதல் முறை எடுக்க வேண்டாம். விளக்கு வெளிச்சத்தில் கண்ணியே கண்ணுக்குத் தெரியாது. வெளிர் நிறமும், இழை பிரியாத முறுக்கும், நாலு மில்லிமீட்டர் ஊசியும் ஆரம்பகாரர்களுக்கு அனுகூலமானவை.

குழந்தைக்குப் போடுகிறோம் என்பதால் அழகைக் காட்டிலும் கவனிக்க வேண்டியது பத்திரம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளில் கண்ணுக்காக மணியோ பொத்தானோ தைக்கவே கூடாது. எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் ஒரு நாள் கழன்றுவரும், வந்தால் நேரே வாய்க்குத்தான் போகும். கறுப்பு நூலால் கண்ணை எம்பிராய்டரி செய்துவிட்டால் போதும். பந்தை எலுமிச்சம்பழ அளவில் போடாமல் முப்பத்தாறு கண்ணிக்குக் குறையாமல் பெரிதாகப் போடச் சொல்வதும் இதனால்தான். குல்லாவுக்கு நாடா வைத்துக் கழுத்தில் முடிபோடும் பழக்கம் வேண்டாம். காலுறையின் உட்புறத்தில் தொங்கும் நூல் நுனி, குழந்தையின் கால்விரலில் சுற்றிக்கொண்டு ரத்த ஓட்டத்தையே தடுத்துவிடக்கூடும். அது ஏன் அழுகிறது என்று தெரியாமல் வீடே தவிக்கும்படி ஆகும். ஆகையால் ஒவ்வொரு நுனியையும் மழுங்கின ஊசியில் கோத்து, பின்னலுக்குள் முன்னும் பின்னுமாக நாலைந்து முறை நுழைத்து மறைத்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும். பொம்மைக்குள் இலவம் பஞ்சு அடைப்பவர்கள் அதை ஒரு சிறு மல் துணிப் பையில் கட்டி உள்ளே வைப்பது நல்லது. வெறுமனே அடைத்தால் இழை இழையாகக் கண்ணியின் வழியே வெளிவந்து குழந்தையின் மூக்கில் ஏறும்.

குல்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதைக் கடைசியில் வைத்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் குழந்தை பிறப்பதற்கு முன்னால் அதற்கென்று எதுவும் வாங்குகிற வழக்கமோ தைத்து வைக்கிற வழக்கமோ கிடையாது. தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து வைத்திருப்போம், அவ்வளவுதான். நாலு வருஷத்துக்கு முன் மார்கழி மாதத்தில், என் தங்கையின் பேத்தி, டாக்டர் குறித்த தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே பிறந்துவிட்டாள். அவளைக் கிடத்தியிருந்த அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. பிறந்த குழந்தையின் உடற்சூடு தலை வழியாகவே அதிகமாகக் கழியும் என்று சொல்லி, நர்ஸ் ஒரு துணியைச் சுற்றிவிட்டாள். துணி ஐந்து நிமிஷத்துக்கொரு முறை நழுவிக்கொண்டிருந்தது. தங்கை என் முகத்தைப் பார்த்தாள். "அக்கா, உன் பையில ஊசி இருக்குமே?" என்றாள்.

ஊசி இருந்தது, ஏற்கெனவே ஒரு முறை அலசி உலர்த்திய சந்தன நிறப் பருத்தி நூல் ஒரு கண்டும் இருந்தது. நூலின் ஒரு துண்டால், உறங்குகிற தலையை நெற்றிப் பொட்டோடு சுற்றி அளந்தேன்; முப்பத்து நாலு சென்டிமீட்டர். குல்லா தலையைவிடச் சற்றுச் சிறியதாக இருந்தால்தான் பற்றி நிற்கும். ஆகையால் முப்பத்து மூன்று. அதை மூன்றில் ஒரு பங்காக்கி, அதிலும் அரை சென்டிமீட்டர் குறைத்துக்கொண்டால், வட்டம் எவ்வளவு அகலமானதும் கூட்டுவதை நிறுத்த வேண்டும் என்று தெரிந்துவிடும், பத்தரை. இந்த அளவு ஒன்றைத் தெரிந்துகொண்டால் எந்தப் புஸ்தகமும் இல்லாமல் எந்தத் தலைக்கும் குல்லா போடலாம். ஆறில் தொடங்கிப் பதினோரு சுற்றில் அறுபத்தாறு கண்ணி. அங்கே நிறுத்தி, நேரே பதினைந்து சுற்று. நாற்காலி ஆஸ்பத்திரி நாற்காலி, வெளிச்சம் நடைவழியிலிருந்து கதவிடுக்கில் விழுந்த வெளிச்சம். நடுவில் குழந்தை ஒரு முறை விழித்து, பால் குடித்து, மறுபடி உறங்கியது. இரவு ஒன்பதரை மணிக்கு நுனியை மறைத்து முடித்தேன். அந்தப் பூனைமுடித் தலையில் குல்லாவை ஏற்றி, காது மூடும்படி இழுத்துவிட்டபோது, அவள் உதட்டைக் குவித்து ஒரு பெருமூச்சு விட்டாள், அது நழுவவில்லை.

மூன்று மாதத்தில் அது அவளுக்குப் போதாமற்போய்விட்டது. பிறகு அவளுக்கு நான் போட்ட சட்டைகளும் பைகளும் எத்தனையோ. எல்லாம் எங்கெங்கேயோ போய்விட்டன. இந்தக் குல்லா மட்டும் இன்றைக்கும் அவளுடைய மரப்பாச்சியின் தலையில் இருக்கிறது. கதவிடுக்கு வெளிச்சத்தில் பின்னியதாலோ என்னவோ, வட்டத்தின் ஒன்பதாவது சுற்றில் நான் ஒரு கண்ணியை விட்டுவிட்டிருக்கிறேன். அங்கே மிளகளவில் ஒரு துவாரம். அடைத்துத் தருகிறேன் என்று சென்ற மாதம் ஊசியை எடுத்தபோது அவள் மரப்பாச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். தூங்கப் போகும்போது சுண்டுவிரல் நுனியை அந்தத் துவாரத்தில் வைத்துக்கொண்டுதான் அவள் தூங்குகிறாளாம்.